கண்டக்டரின் மஞ்சள் முகம்

கண்டக்டரின் முகம் மஞ்சளானதற்கு நானே காரணம். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்திய வாத்தியார் நான். பக்கத்து வீட்டுக்காரரான அவரது டப்பாவில் இருந்த கஸ்தூரி மஞ்சளைக் கொட்டிவிட்டு, சமையல் மஞ்சள் தூளை நிரப்பி வைத்தேன். கஸ்தூரி மஞ்சள் முகத்தில் ஒட்டாது. சமையல் மஞ்சள் லேசில் விடாது. தெரிந்தேதான் செய்தேன்.

அரூர் அழகு நிலையங்களுக்கு அவரைப் போல ஓர் எதிரி இருந்ததில்லை. சித்தேரி மலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "வூட்லயே எல்லாம் கெடக்குதுங்க சார், அவனுக்கு எதுக்குங்க ஐநூறு ரூவா?" என்பார். அவர் சொன்ன வூடு, என் வீடு. அரிசி கழுவிய தண்ணீர், செம்பருத்தி, பப்பாளித் தோல் எல்லாம் இங்கிருந்துதான் போகும். நான் பழம் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நின்று தோலுக்குக் காத்திருப்பார். தக்காளி விலை சரிந்த வாரம் ஒரு கூடை வாங்கி வந்து, தெரு ஆண்களையெல்லாம் வாசலில் உட்கார வைத்துப் பூசினார். தபால்காரர்கூடத் தப்பவில்லை.

மாவு காயும் இருபது நிமிடமும் வாய் திறக்கமாட்டார். பூச்சு விரிசல் விட்டுவிடுமாம். பழைய விசில்தான் பேசும். ஒன்று என்றால் 'நில்லு'. இரண்டு என்றால் 'ரைட், போகலாம்'.

ஒருநாள் மதியம் என் சோற்றுக்கு இருந்த கடைசித் தயிரையும் என் மனைவியிடம் வாங்கிப் போய்விட்டார். சண்டை போடப் போனேன். முகம் நிறைய என் தயிர். என்னைப் பார்த்து ஒரு விசில் ஊதினார். அவர் முகம் கழுவப் போன நேரத்தில், அவர் அடுக்களையிலேயே அந்த வேலையைச் செய்தேன்.

மறுநாள் அவர் மகளைப் பெண் பார்க்கக் கம்பைநல்லூரிலிருந்து வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. மகள் "எனக்குப் பூச வேணாம்பா" என்று தப்பித்துவிட்டாள். அப்பா விடிகாலையிலேயே பூசிக்கொண்டு, சாமந்திப் பூ மாதிரி வாசலில் நின்று கைகூப்பினார்.

மாப்பிள்ளையின் அம்மா காபியைத் தொடவில்லை. "காமாலைங்களா அண்ணா?"

"இல்லீங்கம்மா, பேஸ்பேக்."

"கீழாநெல்லி அரைச்சுக் குடிங்க. ஒடம்பு தேறட்டும், பொறவு பேசிக்கலாம்."

கார் கிளம்பிவிட்டது.

"என் சிக்கனம் புள்ள வாழ்க்கையையே நிறுத்திருச்சுங்க சார்" என்றார் கண்டக்டர். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் அதே மஞ்சளை என் முகத்தில் பூசிக் கழுவிவிட்டு, கம்பைநல்லூருக்கு பஸ் ஏறினேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, சாட்சியாக முகத்தைக் காட்டினேன். அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கணவரிடம் திரும்பினார். "பாத்தீங்களா? தெருவுக்கே வந்துருக்குது. அந்தத் தண்ணியே நமக்கு ஆகாதுங்க."

சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

திரும்பி வந்து கண்டக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மகள்தான் பேசினாள். "விடுங்க மாமா. மஞ்சத்தூளுக்கே ஓடற குடும்பத்துல நான் எப்படிங்க கொழம்பு வெக்கறது?"

அதன் பிறகு பத்து நாள் என் வீட்டுப் பப்பாளித் தோல் குப்பைக்குப் போயிற்று. பதினோராம் நாள் நானே ஒரு கிண்ணம் தயிரோடு போனேன். வாங்கிக்கொண்டார். கடலை மாவில் குழைத்து முதலில் என் முகத்தில் பூசினார், பிறகு தன் முகத்தில். இருவரும் எதிரெதிரே காய்ந்துகொண்டிருந்தோம்.

"என்னை மன்னிச்சிட்டீங்களா?" என்றேன், என் பூச்சு விரிசல் விட.

அவர் சட்டைப் பையில் கைவிட்டார். ஒரு விசில் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

இரண்டாவதும் வந்தது.