முள்ளம்பன்றி துப்பாக்கிக்கு அளவெடுத்த கதை

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி குடியிருந்தது. எந்தக் காடு, எந்த மாவட்டம் என்று கேட்காதீர்கள். சொன்னால் அங்கே இருக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். முள்ளம்பன்றிக்கு ஏது தோள், ஏது விரல் என்று நடுவில் கையைத் தூக்கவும் கூடாது. காக்கா பேசியபோது வாயை மூடிக்கொண்டு கேட்டீர்கள் இல்லையா, இதையும் அப்படியே கேளுங்கள்.

அதன் பெயர் வீரபாகு. இனி அவன் என்றே சொல்கிறேன், மரியாதைக்குத் தகுந்த ஆள் இல்லை, போகப் போக உங்களுக்கே தெரியும். அவன் பரம்பரையில் எவரையும் எந்த மிருகமும் தொட்டதே கிடையாது. காரணம் முதுகில் இருந்தது. சிறுத்தைகள்கூட முள்ளம்பன்றியைப் பார்த்தால் வேறு ஏதோ அவசர வேலை இருப்பது போல அந்தப் பக்கம் திரும்பிப் போய்விடும். இப்படி நிம்மதியாக இருக்கிறவனுக்குத்தானே வேண்டாத யோசனை வரும்?

வந்தது. ஒருநாள் குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனான். அங்கே ஒரு காட்டெருமை தோளில் துப்பாக்கி மாட்டிக்கொண்டு நின்றது. அத்தனை பெரிய கொம்பு, அத்தனை பெரிய உடம்பு, அதற்கு ஒரு துப்பாக்கி. "காலம் கெட்டுக் கிடக்குப்பா, நம்ம பாதுகாப்பை நாமதான் பார்த்துக்கணும்" என்றது. அன்றிலிருந்து வீரபாகுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நாமளும் ஒண்ணு வாங்கிடணும்" என்றான் வீட்டில்.

மனைவி செங்கமலம் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க முதுகுல இருக்கிறது என்ன, கீரைக்கட்டா?"

"இதெல்லாம் பழைய மாடல்டி. எதிரி கிட்ட வந்தாதான் வேலை செய்யும். ரேஞ்சே கிடையாது."

"எதிரி கிட்டதாங்க வருவான். தூரத்துல இருக்கிறவன் அவன் பாட்டுக்குப் போறான், உங்களுக்கு என்ன?"

பதில் இல்லாத கணவன் கடைக்குத்தான் போவான். போனான்.

ஆலமரத்தடியில் 'கோதண்டம் ஆயுத மாளிகை' என்று போர்டு. முதலாளி கோதண்டம் ஒரு கருங்குரங்கு. வாடிக்கையாளர் வாசலில் வரும்போதே அவர் பயத்தின் அளவு என்ன என்று கண்ணாலேயே எடை போட்டுவிடுகிற ஆள்.

"வாங்க அண்ணாச்சி. போட்டிக்கா, தற்காப்புக்கா?"

"என்ன வித்தியாசம்?"

கோதண்டம் வாலால் நாற்காலியை இழுத்துப் போட்டான். "போட்டித் துப்பாக்கின்னா குழல் நீளமா, கனமா இருக்கணும். ஆடக் கூடாது. விசை பூ மாதிரி இருக்கணும், தொட்டாலே வெடிக்கணும். தற்காப்புன்னா குழல் குட்டையா இருக்கணும், சட்டுன்னு திருப்பணும். விசை கெட்டியா இருக்கணும், இல்லேன்னா தும்மினா வெடிச்சிடும்."

"எனக்கு ரெண்டுக்கும் வேணும்."

"அப்படிச் சொல்லுங்க! ரெண்டுக்கும் ஆகாததா ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. அதுதான் நம்ம கடையில அதிகமாப் போகுது."

வீரபாகுவுக்கு ரொம்பத் திருப்தி. அதிகமாகப் போகிற பொருள் நல்ல பொருளாகத்தானே இருக்கும்?

லைசென்ஸ் வாங்கின கதையை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும், எனக்குக் கோபம் வரும். வாங்கிவிட்டான், அவ்வளவுதான்.

துப்பாக்கி வந்த பிறகுதான் செலவே ஆரம்பித்தது. வெறும் துப்பாக்கி வைத்திருப்பது வெறும் உடம்போடு கல்யாணத்துக்குப் போவது மாதிரி என்று கோதண்டம் சொல்லிவிட்டான். தூரத்தைக் கிட்டே காட்டும் தொலைநோக்கி ஒன்று மாட்டினார்கள். தொலைநோக்கி மாட்டியதால் மேல் பாரம் அதிகமாகி, அதைத் தாங்க முன்னால் இரண்டு கால் வைத்தார்கள். கால் வைத்ததால் கைப்பிடி இடித்தது, கைப்பிடியை மாற்றினார்கள். மாற்றிய கைப்பிடி வழுக்கியது, அதற்கு ஒரு ரப்பர் உறை. விசையை இளக்க ஒரு ஸ்பிரிங், இளகிப்போன விசையைப் பூட்டி வைக்க ஒரு பூட்டு. தோளில் தொங்கவிட வார். காதுக்கு மூடி. ஒரு டார்ச். பார்க்க அழகாகத்தான் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. சுடத்தான் நேரம் கிடைக்கவில்லை.

ஒரு சிக்கல் வந்தது. துப்பாக்கியின் கட்டை தோளில் உட்கார மாட்டேன் என்றது. முள் குத்தித் தள்ளியது. கோதண்டம் டேப்பை எடுத்து வீரபாகுவைச் சுற்றிச் சுற்றி அளந்தான்.

"கட்டையைக் கொஞ்சம் செதுக்கிடலாமா?" என்று வீரபாகு கேட்டான்.

"ஐயையோ! கட்டையைச் செதுக்கினா வாரன்டி போயிடும்."

"அப்ப?"

"முள்ளைச் செதுக்கினா ஒண்ணும் போகாது."

எவ்வளவு நியாயமாகச் சொன்னான் பாருங்கள்! முதலில் வலது தோளில் மட்டும் மழித்தார்கள். அப்புறம் வார் முதுகில் சிக்கியது, முதுகையும் மழித்தார்கள். படுத்துச் சுடும்போது இடுப்பு முள் தரையில் மாட்டியது, அதுவும் போயிற்று. கடைசியில் வால் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "ஒரே மாதிரி இருந்தாத்தான் லுக்கு" என்று அதையும் வழித்துவிட்டான் படுபாவி. வீரபாகு வீட்டுக்கு வந்தபோது குட்டிகள் ரெண்டும் அலறிக்கொண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தன.

செங்கமலத்துக்கு அழுகை வந்தது. "உங்களைக் கட்டிக்கிட்டு வந்தப்போ எங்க அப்பா சொன்னாரு, மாப்பிள்ளைக்கு மூளை கம்மிதான், ஆனா முள்ளு நல்லாயிருக்குன்னு. இப்ப நான் எதை வெச்சுக் குடும்பம் நடத்துறது?"

"உனக்கும் ஒரு சின்ன ரகம் பார்த்து வெச்சிருக்கேன். நீயும் மழிச்சிக்கிட்டியானா..."

"கிட்ட வாங்க, காட்டுறேன்" என்று அவள் முதுகைத் திருப்பினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டில் இல்லாத மரியாதை வெளியே கிடைத்தது. பக்கத்து வளையில் பொன்னுரங்கம் என்று ஒரு முயல் புதிதாகக் குடிவந்திருந்தான். தனி ஆள், பயந்த சுபாவம். "அண்ணே, உங்க வீட்டுல துப்பாக்கி இருக்குன்னு கேள்விப்பட்டுத்தான் இந்த வளையையே பிடிச்சேன். உங்க பக்கத்துல இருந்தா எனக்கென்ன பயம்?" என்பான். காலையில் ஒரு கேரட், சாயங்காலம் ஒரு முள்ளங்கி கொண்டுவந்து வைப்பான். வீரபாகு பல்லைக் குத்திக்கொண்டே, "நான் இருக்கேன்டா" என்பான்.

துப்பாக்கி சுடும் கிளப்பிலும் சேர்ந்தான். அங்கே போய்ப் பார்க்க வேண்டுமே நீங்கள். ஆமை ஒன்று ஓட்டின் மேல் குண்டு துளைக்காத சட்டை போட்டிருந்தது. அந்தக் காட்டெருமையும் இருந்தது, கொம்பை அறுத்துவிட்டு அந்த இடத்தில் காதுமூடி மாட்டியிருந்தது. யாரும் யாரிடமும் "எங்கே குறி வைத்தாய், எங்கே பட்டது" என்று கேட்கவில்லை. "இது எங்கே வாங்கினது, என்ன மாடல்?" இதே பேச்சுதான் பொழுது சாயும் வரை.

ஆனால் ஒன்று, உள்ளதைச் சொல்ல வேண்டும். வீரபாகுவுக்குக் கை ஆடவில்லை. மூச்சைப் பிடித்து, புள்ளியைப் பிடித்து, அப்படியே கல்லாக நிற்கக் கற்றுக்கொண்டான். காட்டுப் போட்டியில் முதல் பரிசே வாங்கிவிட்டான்.

பரிசு கொடுக்க வந்த தலைமை விருந்தினர் மாசிலாமணி. சிறுத்தை. இவருக்கு மட்டும் 'அவர்' போடுகிறேன், பல் இருக்கிறது. மாசிலாமணி கோப்பையைக் கையில் கொடுத்தார், தோளில் மாலை போட்டார், மாலையைச் சரிசெய்வது போல முதுகை ஒருமுறை தடவினார். முள் ஒன்றும் குத்தவில்லை. இன்னொரு முறை தடவினார்.

"முதுகு நல்லா வழவழன்னு வந்திருக்கே தம்பி!"

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்ங்க" என்றான் வீரபாகு. இவனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

துப்பாக்கி கையில் இருந்ததால் மாசிலாமணி அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரமே காட்டில் தேர்தல் அறிவித்தார்கள். மாசிலாமணி வேட்பாளர். தேர்தல் என்றால் தெரியும் இல்லையா, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லோரும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டும். ரிசல்ட் வந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கிறவன் ஒப்படைக்க வேண்டியதில்லை, அவன் கணக்கிலேயே இல்லை.

ஸ்டேஷனில் ஏட்டு ஒரு கரடி. துப்பாக்கியைப் பார்த்ததும் அதற்குத் தலை சுற்றியது. "இதுல எதுய்யா துப்பாக்கி?"

வீரபாகு ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினான். கரடி துப்பாக்கியை மட்டும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டியது. "உத்தரவுல ஆயுதம்னுதான் போட்டிருக்கு. மத்த சாமானெல்லாம் நீயே கொண்டுபோ, எங்ககிட்ட இடமில்லை. இது என்ன, குச்சியாட்டம்?"

"அது லேசர், ஏட்டையா. அமுக்கினா சிவப்புப் புள்ளி போய் விழும். குறி வைக்க."

"புள்ளி சுடுமா?"

"சுடாது."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போ."

"ஏட்டையா, அதுவரைக்கும் நான் தற்காப்புக்கு என்ன பண்றது?"

கரடிக்குக் கோபம் வந்துவிட்டது. "தேர்தல் நேரத்துல யாரும் யாரையும் தாக்கக் கூடாதுன்னுதானேய்யா வாங்கி வெக்கிறோம். அப்புறம் உனக்கு எதுக்குத் தற்காப்பு?"

கேட்டீர்களா நியாயத்தை! நானாக இருந்தாலும் பேசாமல்தான் வந்திருப்பேன்.

மறுநாள் சாயங்காலம் செங்கமலம் கிழங்கு தோண்டப் போயிருந்தாள். குட்டிகள் உள்ளே விளையாடிக்கொண்டிருந்தன. வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

"வீரபாகு தம்பி இருக்காப்லயா? ஓட்டு கேட்டு வந்தேன்."

மாசிலாமணி ஒண்டியாக வந்திருந்தார். கும்பிட்ட கையைக் கீழே இறக்கவே இல்லை, அத்தனை பணிவு. "துப்பாக்கி ஸ்டேஷன்ல பத்திரமா இருக்கா?"

"இ... இருக்குங்க."

"ரொம்ப நல்லது. சட்டத்தை மதிக்கிற குடும்பம். சம்சாரம் வெளியே போயிருக்காங்க போல. குட்டிங்க எப்படி இருக்காங்க? முள்ளு இன்னும் இளசாத்தான் இருக்கும், இல்ல? கொஞ்சம் வழி விடு தம்பி, உள்ளே போய் ஆசீர்வாதம் பண்ணிட்டு வந்துடுறேன்."

வீரபாகு முள்ளைச் சிலிர்க்கப் பார்த்தான். சிலிர்க்க என்ன இருக்கிறது, வெறும் தோல் சுருங்கி விரிந்தது. உள்ளே குட்டிகள் சத்தம் கேட்டு அழ ஆரம்பித்தன. சாமான் பையைக் கவிழ்த்தான். தொலைநோக்கி விழுந்தது, ரப்பர் உறை விழுந்தது, காதுமூடி விழுந்தது. கையில் அகப்பட்டது லேசர். பயத்தில் அமுக்கிவிட்டான்.

சிவப்புப் புள்ளி மாசிலாமணியின் காலடியில் விழுந்தது.

மாசிலாமணி குனிந்து பார்த்தார். காதுகள் முன்னே வந்தன. கும்பிட்ட கை தானாகப் பிரிந்தது. புள்ளி கொஞ்சம் நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். வேட்பாளர் ஆனாலும் பூனைக் குடும்பம் பூனைக் குடும்பம்தான். இடுப்பை ஆட்டிக்கொண்டு ஒரே தாவல். புள்ளி அகப்படவில்லை. இன்னொரு தாவல். சின்னக் குட்டி மாதிரி தன்னை மறந்து புழுதியில் உருண்டார் அந்தப் பெரிய மனிதர்.

சத்தம் கேட்டுப் பொன்னுரங்கம் தன் வளையிலிருந்து எட்டிப் பார்த்தான். பாவம், அவன் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. வெளியே வந்து நின்று, கைதட்டினான். "அப்படித்தான்ணே! விடாதீங்கண்ணே! எங்க அண்ணன் இருக்கிறப்போ எவன் வருவான் இந்தப் பக்கம்!"

பிற்பாடு வீரபாகு எல்லோரிடமும் கை நடுங்கிவிட்டது என்றுதான் சொன்னான். நடுங்கிய கையில் புள்ளி ஆடும். இது ஆடவில்லை. புழுதியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, நேராகப் போய்ப் பொன்னுரங்கத்தின் நெஞ்சில் ஏறி அசையாமல் நின்றது. போட்டியில்கூட அவன் அவ்வளவு சுத்தமாகக் குறி பிடித்ததில்லை.

பொன்னுரங்கம் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். "என்னண்ணே இது?" என்று கேட்டான்.

அவ்வளவுதான் கேட்டான்.

செங்கமலம் கிழங்கோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குட்டிகளைத் தடவிப் பார்த்தாள், ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பக்கத்து வளை வாசலைப் பார்த்தாள். அங்கே கிடந்ததைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளை நமக்கு என்ன கெடுதல் பண்ணினான்?"

"நான் என்ன பண்ணினேன்? நான் லைட்டைத்தானே காட்டினேன்."

அவள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். வழி நெடுக அழுதாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நல்லவள். நீதிக்கதையில் நல்லவர்களுக்கு இடமில்லை, போகட்டும்.

மாசிலாமணி ஜெயித்துவிட்டார். பொன்னுரங்கத்துக்கு இரங்கல் கூட்டம் போட்டு, அவரே வந்து பேசி, கண்ணையும் துடைத்துக்கொண்டார். கிளப்பில் அந்த வருஷம் தற்காப்புப் பிரிவு என்று புதிதாக ஒன்று தொடங்கி, முதல் தங்கப் பதக்கத்தை வீரபாகுவுக்குக் கொடுத்தார்கள். ஒரு குண்டுகூடச் செலவாகாமல் வீட்டைக் காப்பாற்றியவன் என்று பாராட்டுரையில் இருந்தது. கோதண்டம் கடையில் லேசருக்குக் கூட்டம் தாங்கவில்லை. ஆமையும் ஒன்று வாங்கியது. வாங்கிக்கொண்டு போகும்போது, "உங்க பக்கத்துல காலி வளை இருக்காமே, வாடகைக்கு விடுவீங்களா?" என்று வீரபாகுவைக் கேட்டது.

"விடுறதென்ன, யாராவது வந்தாத்தான் எனக்கும் பாதுகாப்பு" என்றான் வீரபாகு.

நீதி: துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால், பக்கத்து வீட்டில் ஆள் குடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்க.