ஓரிக்கை சாலையில் ஒரு ராக்கெட்

அமைச்சர் வருகிற அன்று காலையில் ராக்கெட் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

மூங்கில் கட்டி, வெள்ளித்தாள் ஒட்டி, காஞ்சிபுரத்தில் ஓரிக்கை சாலையோரம் அதை நிறுத்தியவர் பந்தல்காரர் கண்ணாயிரம். வட்டச் செயலாளர் ராஜகோபால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னா கண்ணாயிரம், கிளம்பறதுக்கு முன்னாடியே எறங்கிக்கினு இருக்குது?"

விண்வெளிக்கு ஒதுக்குகிற பணம் எந்தப் பக்கம் போகும் என்பது மேலே இருப்பவர் மனசைப் பொறுத்தது. முந்தின அமைச்சருக்கு நிலா பிடித்திருந்தது. பணம் நிலாவுக்குப் போனது. இவருக்குக் கோளரங்கம் பிடித்திருக்கிறது. எந்த ஊர் வரவேற்பு மனசுக்குப் பிடிக்கிறதோ, அந்த ஊருக்குக் கோளரங்கம். காஞ்சிபுரத்துக்கு வந்தால் அதன் வாசலில் வாட்ச்மேன் வேலை கண்ணாயிரத்துக்குத்தான் என்று ராஜகோபால் வாக்குக் கொடுத்திருந்தார். மூங்கில் ஏறி ஏறி முட்டி தேய்ந்த மனிதருக்கு, நாற்காலி போட்டு உட்காருகிற வேலை நிலாவைவிடப் பெரிது.

இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரங்களை நட்டு, ராக்கெட்டை இழுத்துக் கட்டினார். நிமிர்ந்தது. ஆனால் கயிறு அழுத்திய இடமெல்லாம் வெள்ளித்தாள் கிழிந்து, உள்ளே மூங்கில் தெரிந்தது.

மறைக்க வேறு துணி இல்லை. தேர்த் திருவிழாவுக்குத் தைத்து வைத்த, குழல் குழலான துணித் தொம்பைகளைக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்து, தேரில் தொங்கவிடுவது மாதிரியே சுற்றிலும் தொங்கவிட்டார். இப்போதுதான் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது என்று அவருக்கே பட்டது.

"புகை எங்கபா? ராக்கெட்டுன்னா கீழ புகை வர வேணாவா?" என்றார் ராஜகோபால்.

புகை மெஷின் ஏற்றிவந்த வண்டி வாலாஜாபாத் பக்கம் நின்றுபோயிருந்தது. கண்ணாயிரம் சட்டி சட்டியாகச் சாம்பிராணி போட்டார். சாலையில் போன இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்குள் போலீஸ்காரர் ஒருவர் வந்து, அமைச்சர் வண்டி திரும்ப இடம் போதாது, தள்ளி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தள்ளினால் சரிந்துவிடும். கருட சேவைக்கு வாகனம் தூக்குகிற ஆட்கள் எதிர் டீக்கடையில் இருந்தார்கள். அடியில் தண்டு கட்டி, அவர்களைத் தோள் கொடுக்கச் சொன்னார். "கோவிந்தா" என்று ஒரே குரல் எழுந்தது, ராக்கெட்டும் எழுந்தது.

"வாயை மூடிக்கினு தூக்க மாட்டீங்களாடா?" என்று ராஜகோபால் பல்லைக் கடித்தார்.

"சத்தம் இல்லாம தூக்கினா கால் பின்னுது தலைவரே."

அந்த நேரம் பார்த்து அமைச்சரின் கார் வந்து நின்றது. வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தவர் கண்ணைக் கசக்கியபடி இறங்கினார். சாம்பிராணிப் புகைக்குள் ஆடி ஆடி வருவதைப் பார்த்தார். கை எடுத்துக் கும்பிட்டார். தலைவர்கள் எல்லாரையும் கும்பிடுவது வழக்கம்தானே. கண்ணாயிரமும் பதிலுக்குக் கும்பிட்டார். அமைச்சர் தன் உதவியாளரின் காதில் ஏதோ சொல்லிவிட்டுக் காருக்குள் போய்விட்டார்.

"மூஞ்சியில எவ்ளோ திருப்தி பாத்தியா? வேலை உனக்குத்தான் போ," என்றார் ராஜகோபால்.

கண்ணாயிரத்துக்கு முட்டிவலி பாதி விட்டதுபோல் இருந்தது. உதவியாளர் பேனாவைத் திறந்தபடி அவரிடம் வந்தார்.

"கோளரங்கத்துக்கு வச்ச பணம் மொத்தத்துலயும் இங்க கோயிலே கட்டிடச் சொல்லிட்டாரு அமைச்சர். சாமி பேரு மட்டும் சொல்லுபா."