அறுபது பொட்டும் அஞ்சு பிள்ளைகளும்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு சார்ட்டை ஒரு ஊருக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டணும். இருபது அம்மாமாரை அதில் ஸ்டிக்கர் ஒட்ட வைக்கணும். போட்டோ எடுத்து நாலு மணிக்குள் சென்னைக்கு அனுப்பணும்.

எல்.கே.ஜி. பிள்ளை செய்கிற வேலை.

இருபத்திரண்டு வருசம் வெளிநாட்டில் இருந்துவிட்டு நாற்பத்தெட்டு வயதில் திருநெல்வேலிக்குத் திரும்பி வந்தவன் நான். திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு வியாதி வரும். ஊருக்கு ஏதாவது செய்யணும், செய்யணும் என்று அரிக்கும். அந்த அரிப்பு முற்றிய நேரத்தில், சென்னையில் ஓர் அறக்கட்டளை எங்கள் பக்கத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது.

கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கு உதவுகிறவர்கள். நல்லவர்கள். ஆனால் ஒரு ஊருக்கு ஒரு உதவிதான். எது என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள், ஊர்தான் சொல்லணும். அதற்குத்தான் இந்தச் சார்ட்.

சார்ட்டில் அஞ்சு படம். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை. சைக்கிளோடு ஒன்று, கம்ப்யூட்டரோடு ஒன்று, சாப்பாட்டுத் தட்டோடு ஒன்று, புதுப் பையோடு ஒன்று, சாயங்கால வகுப்பில் புத்தகத்தோடு ஒன்று. ஆளுக்கு மூணு வட்ட ஸ்டிக்கர். எது முக்கியமோ அதில் ஒட்டணும். எது அதிகமோ அது கிடைக்கும்.

டவுணில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது சார்ட் என் கையில் பத்திரமாக இருந்தது. ஸ்டிக்கர் பாக்கெட் ஆட்டோவில் பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தது.

பஸ்ஸுக்கு இருபது நிமிசம். ரதவீதியில் ஒரு ஸ்டேஷனரி கடைக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, வட்ட ஸ்டிக்கர் இருக்கா?"

"சதுரமா இருக்கு. நோட்டுல பேரு எழுதி ஒட்டுதது."

"வட்டமாத்தான் வேணும்."

அவர் பக்கத்துக் கடையைத் தாடையால் காட்டினார். "வட்டமா ஒட்டுததுன்னா அங்கனதான் தொங்குது."

பக்கத்தில் ஃபேன்ஸி ஸ்டோர். வாசல் முழுக்க அட்டை அட்டையாக ஸ்டிக்கர் பொட்டு!

வட்டம். பசை. எடுத்தால் வரும், ஒட்டினால் நிற்கும். என் மூளையை நானே மெச்சிக்கொண்ட கடைசி நிமிசம் அது.

"பொட்டு வேணும்" என்றேன்.

"வீட்டம்மாவுக்கா?"

"இல்ல. இருபது பேருக்கு."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருபது பேரா?"

"எல்லாம் அம்மாமாருதான். ஆழ்வார்குறிச்சிக்கு அங்கன ஒரு ஊரு."

"சரி. அவுக வீட்டுக்காரமாருக்கு விசயம் தெரியுமா சார்?"

விளக்கம் சொல்ல நேரமில்லை. பஸ் வந்துவிடும். அறக்கட்டளைக்காரர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூணு நிறத்தில் அனுப்பியிருந்தார்கள். ஏதோ அழகுக்கு என்று நினைத்துக்கொண்டேன். நான் சிவப்பு மட்டும் எடுத்தேன். எல்லாரும் சமம், எல்லாருக்கும் ஒரே நிறம். பஸ்ஸில் அதற்கும் ஒரு தடவை என்னை மெச்சிக்கொண்டேன்.

ஊர் சமுதாயக் கூடத்து வாசலில் கிரேஸ் டீச்சர் நின்றார். அந்தக் கூடத்தில்தான் சாயங்கால வகுப்பு நடத்துகிறார். முன்பு உதவிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தி மூணு மாசம் ஆகிறது. அதிலிருந்து சம்பளம் இல்லாமலே சொல்லிக்கொடுக்கிறார். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த மாசம் போயாகணும்.

"நான் உள்ள வரல சார்" என்றார். "நான் இருந்தா எனக்காக ஒட்டுன மாதிரி ஆயிரும்."

என்ன நேர்மை! ஸ்டிக்கரை ஆட்டோவில் விட்டவனுக்கு அது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

உள்ளே இருபது பேர். பாதிப்பேர் மடியில் பீடித்தட்டு. கை அதுபாட்டுக்குப் பீடி சுற்றிக்கொண்டிருக்க, கண் மட்டும் என் மேல். வணக்கம் சொல்லி, சார்ட்டை மாட்டி, "இந்தாங்க, ஆளுக்கு மூணு" என்று முதல் வரிசையில் இருந்தவரிடம் பொட்டு அட்டையை நீட்டினேன்.

பீடி சுற்றிய கைகள் நின்றன.

நீட்டிய கையோடு நான் நின்றேன். அப்போதுதான் உறைத்தது. ஓர் ஆம்பளை, பட்டப்பகலில், அடுத்தவர் பெண்டாட்டிமார் இருபது பேருக்குப் பொட்டு கொடுத்துக்கொண்டிருக்கிறான்!

அதுவும் முதலில் நீட்டியது யாரிடம்? பேச்சியம்மாளிடம். அறுபது வயது. வெறும் நெற்றி.

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, எங்க வீட்டு மனுசன் போயி பதினஞ்சு வருசம் கழிச்சு ஒரு ஆளு பொட்டோட வந்து நிக்காரே! என்ன சொல்லட்டும்?"

சிரிப்பில் கூடம் இடிந்துவிழாத குறை.

"சரின்னு சொல்லு மைனி! வெளிநாட்டு மாப்பிள்ளைல்லா!"

"ஐயோ, அது காகிதத்துக்கு! நெத்திக்கு இல்ல, காகிதத்துக்கு!" என்று நான் கத்தினேன்.

பின்வரிசையில் அக்கா தங்கை ரெண்டு பேர். சர்ச்சுக்குப் போகிறவர்கள், பொட்டு வைக்கிற வழக்கம் இல்லை. "காகிதத்துக்குத்தான? அப்ப எங்களுக்கும் தாங்க" என்று வாங்கிக்கொண்டார்கள். என்னிடமிருந்து இல்லை. அதற்குள் அட்டைகளைப் பேச்சியம்மாள் பிடுங்கிவிட்டார். "நீங்க அங்கன பைய உக்காருங்க. நான் குடுக்கேன்."

மிச்சமிருந்த அட்டைகள், "வீட்டுல பிள்ளைக்கு ஆவும்" என்று பர்ஸுகளுக்குள் போயின. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிற தகுதியை இழந்திருந்தேன்.

முதலில் எழுந்து வந்தது இசக்கியம்மாள். மகள் முத்துச்செல்வி பத்தாவது படிக்கிறாள். மூணு பொட்டையும் சாயங்கால வகுப்புப் பிள்ளையின் நெற்றியில் வரிசையாக ஒட்டினார்.

"என்னத்துக்கு இது?" என்று கேட்டேன். காரணம் எழுதணும் என்று படிவத்தில் இருந்தது.

"வீட்ல இருந்தா நானே அவள இலை வெட்டச் சொல்லிருவேன் சார். பீடி எண்ணிக்கை குறையும்போது மனசு கேக்காது. அதான் அந்த நேரத்துல அவ வீட்ல இருக்கப்பிடாதுங்கேன்."

தன்னிடமிருந்தே மகளைக் காப்பாற்றக் கேட்கிற அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை. எழுதிக்கொண்டேன்.

அடுத்து வந்தவர் சார்ட்டை ஒரு நிமிசம் பார்த்தார். "இந்தப் பிள்ளை பொட்டோட நிக்கி. மத்த நாலும் வெறும் நெத்தியா நிக்கே!" என்று சொல்லி, சைக்கிள் பிள்ளைக்கு ஒன்று, தட்டுப் பிள்ளைக்கு ஒன்று, பைப் பிள்ளைக்கு ஒன்று வைத்தார்.

"அந்தக் கம்ப்யூட்டர் பிள்ளையும் பாவம்லா" என்று ஒரு குரல்.

அவ்வளவுதான். அதற்குப்பிறகு அது ஓட்டெடுப்பு இல்லை, குழந்தைக்குக் காப்பு போடுகிற வீடு. நெற்றி நிறைந்ததும் கன்னத்தில் திருஷ்டிக்கு ஒன்று. தாடையில் ஒன்று. பேச்சியம்மாள் பக்கத்தில் நின்று மேற்பார்வை.

"தட்டுப் பிள்ளைக்குக் குறையுது, அங்கன வை. நீ என்னட்டி சைக்கிளுக்கே வைக்க? ஓரவஞ்சன பண்ணாத."

இசக்கியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் எண்ணினேன். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு.

உலகத்திலேயே இவ்வளவு நியாயமாக ஒரு முடிவும் எடுக்காமல் இருந்த கூட்டம் வேறு இருக்காது.

மணி மூணே முக்கால்.

"அம்மா, ஒண்ணுதான் கிடைக்கும்" என்றேன். "சமமா வந்தா நம்ம ஊரை விட்டுட்டு அடுத்த ஊருக்குப் போயிருவாங்க."

"ஒண்ணுதானா?" பேச்சியம்மாளுக்குக் கோபம். "அஞ்சு பிள்ளைகளைப் படம் போட்டுக் காட்டிட்டு, ஒரு பிள்ளைக்குத்தான் குடுப்போம்னா, அது என்ன தர்மம்யா?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஏட்டி, கேளுங்க!" இசக்கியம்மாள் நடுவில் வந்து நின்றார். "பை கவர்மெண்டு குடுக்கு. பள்ளியில சோறும் போடுது. பதினொண்ணுக்குப் போனா சைக்கிளும் வருது. டீச்சர் போனா எவன் குடுப்பான்? போன வருசம் கணக்குல உன் மகன் பாஸானது யாரால? சொல்லு யக்கா!"

யக்கா தலையைக் குனிந்தார். "எடுத்து மாத்தி ஒட்டுவோமா?"

எடுத்தார்கள். பொட்டு வந்தது, பசை சார்ட்டிலேயே நின்றுவிட்டது. மறுபடி ஒட்டினால் கீழே விழுந்தது. பர்ஸுக்குள் போன அட்டைகளைப் பற்றி நான் மெதுவாகப் பேச்செடுத்தேன். யாருக்கும் காது கேட்கவில்லை.

இசக்கியம்மாள் கேட்கவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. தன் நெற்றிப் பொட்டை எடுத்தார். வகுப்புப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டினார்.

கல்யாணமான பெண் நாலு பேர் முன்னால் பொட்டை எடுப்பது சின்ன விசயம் இல்லை. வெளிநாட்டில் இருந்து வந்தவனுக்கே தெரியும்.

பேச்சியம்மாள்தான் முதலில் பேசினார். "வீட்டுக்குப் போன உடனே வேற வச்சுக்கிடுங்க. ம், எடுங்கட்டி!"

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கல் வைத்த பொட்டு, நீளப் பொட்டு, பெரிய மெரூன் பொட்டு. குங்குமம் வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். சர்ச் அக்கா தங்கை, "எங்ககிட்ட எடுக்க ஒண்ணும் இல்லியே" என்று வருத்தப்பட்டார்கள். ஒம்பது நெற்றிகள் காலி. வகுப்புப் பிள்ளைக்கு முகமே தெரியவில்லை.

மணி மூணு ஐம்பத்தெட்டு. போட்டோ எடுத்தேன். அனுப்பினேன். ரெண்டு நீல டிக்.

அடுத்த நிமிசம் சென்னையிலிருந்து போன். அறக்கட்டளையில் இந்த வேலையைப் பார்க்கும் நிவேதா. சின்னப் பெண், ரொம்பச் சுறுசுறுப்பு. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். என் கெட்ட நேரம்.

"சூப்பர் சார்! ரிசல்ட் ரொம்ப கிளியரா இருக்கு. ஈவினிங் கிளாஸ் வேணவே வேணாம்னு சொல்றாங்க, இல்ல?"

"என்னது?"

"பச்சைன்னா உடனே வேணும், மஞ்சள்னா அப்புறம், சிவப்புன்னா வேணாம். சார்ட்ல கீழயே போட்டிருக்கோமே சார்."

குனிந்து பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி தமிழில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி. நான் ரெண்டு மொழியில் படித்தவன். ரெண்டு மொழியிலும் அடிக்குறிப்பு படிக்கிற பழக்கம் இல்லாதவன்.

நிமிர்ந்தால் இருபது பேரும் என்னைப் பார்க்கிறார்கள். வாசலில் கிரேஸ் டீச்சர். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"அது வந்து... நிறம் கிடைக்கல... டவுண்ல... ஆட்டோ..." என்று உளறினேன்.

"சார், ஒட்டினதை நாம மாத்தி அர்த்தம் பண்ணக்கூடாது. அது ஊரோட குரல்" என்றாள் நிவேதா.

இசக்கியம்மாள் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஏம்மா, உனக்கு ஊரோட குரல்தான வேணும்? பேசுதேன், கேளு. படத்துல கல்லு வச்ச பொட்டு தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"அதெல்லாம் கடையில வாங்குனது இல்ல, எங்க நெத்தியில இருந்து எடுத்தது. வேண்டாம்னு சொல்லுததுக்கு ஊருல எவளாவது நெத்திப் பொட்ட எடுப்பாளாம்மா?"



"எடுக்க மாட்டாங்க மேடம்" என்றாள் நிவேதா, வேறு குரலில். "எங்கம்மா எடுக்க மாட்டாங்க. நீங்க சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்."

ஒரு மாசத்தில் கடிதம் வந்தது. சாயங்கால வகுப்புக்கு ஒரு வருசம் உதவி. கிரேஸ் டீச்சர் பாளையங்கோட்டைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். வாரத்தில் ஏழு நாளும் வகுப்பு நடக்கணும் என்று கடிதத்தில் ஒரு வரி. நான் உற்சாகமாகக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை அடிக்குறிப்பு எல்லாம் படித்துவிட்டுத்தான்!

முதல் நாள் கூடத்துக்குப் போனேன். மனசுக்குள் ஒரு சின்ன மாலை எனக்கு நானே போட்டுக்கொண்டுதான் போனேன். முத்துச்செல்வி முன்வரிசையில் இருந்தாள்.

"அம்மா எல்லாம் சொன்னாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னா சார்." பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள். "ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு எங்க அம்மாமாரைக் கேட்டீங்க. சென்னைல கேட்டீங்க. வகுப்புக்கு வாரது நாங்கதான? எங்ககிட்ட ஏன் யாரும் கேக்கல?"

பின்னால் கிரேஸ் டீச்சர் கரும்பலகையை ரொம்ப மும்முரமாகத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கரும்பலகை.

"கேட்டிருந்தா என்ன சொல்லிருப்ப?" என்றேன்.

"வகுப்பு வேணும்னுதான் சொல்லிருப்பேன். ஞாயித்துக்கிழம லீவு விடுங்கன்னும் சொல்லிருப்பேன்."

இப்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. காரணம் என்ன என்று சென்னையிலிருந்து கேட்டிருந்தார்கள். ஊரோட குரல் என்று எழுதிப் போட்டுவிட்டேன்.