ஒரு நாள்கூட ஆப்சென்ட் இல்லை

“ஏம்மா, வேலை போயிட்டுன்னு மனு எழுதியிருக்கிய. இந்த நோட்டுல இன்னைக்குக் காலைல எட்டு மணிக்கு வேலைக்கு வந்ததாக் கையெழுத்துப் போட்டிருக்கிய. நான் எத நம்பட்டும்?”

சங்கரன்கோவிலில் அந்த அரசு அலுவலகத்து வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஞானஒளிவு சார், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் கேட்டார். இசக்கியம்மாள் கூட வந்திருந்த வாட்ச்மேனைத் திரும்பிப் பார்த்தாள்.

திருவேங்கடம் ரோட்டுத் தீப்பெட்டி ஆபீஸில் இருபத்தாறு வருஷம் பெட்டியில் குச்சி அடைத்தவள் அவள். ஊருக்குள் வெளிநாட்டு லைட்டர் வந்து குவிந்ததில் தீப்பெட்டியைச் சீண்ட ஆளில்லாமல் போய், தைப் பொங்கலோடு ஆபீஸை இழுத்து மூடிவிட்டார்கள். இப்படி வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் ஆறு மாத உதவித்தொகையும் தையல் பயிற்சியும் கொடுக்கிறது. மனுக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். கிடைக்காவிட்டால் ஊரைக் காலி செய்துகொண்டு திருப்பூரில் மகன் வீட்டோடு போய் இருக்க வேண்டியதுதான். அதில் அவளுக்குத் துளியும் விருப்பமில்லை.

வேலை பார்த்ததற்கு அத்தாட்சி கேட்டார் சார். முதலாளி போன இடம் தெரியவில்லை. வாட்ச்மேன் சங்கரசுப்பு அண்ணாச்சிதான், “கவலப்படாத தாயி, அட்டண்டன்ஸ் நோட்டு எங்கிட்ட இருக்கு” என்று பெருமையாகத் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருந்தார். வினை அந்த நோட்டில்தான் இருந்தது.

ஆபீஸ் மூடிய மறுநாள் காலையில், இசக்கியம்மாளின் கால்கள் அவளைக் கேட்காமலே அங்கே போய்விட்டன. போனால், பூட்டிய வாசலில் ஏற்கெனவே எட்டுப் பேர் நின்றார்கள். சங்கரசுப்புவும் மனுஷன்தானே, மதில் நிழலில் நோட்டை விரித்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் கையெழுத்துப் போட்டு, ஊர்க்கதை பேசி, தூக்குவாளிச் சோற்றைப் பங்குவைத்துத் தின்று, ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறார்கள்.

“சார், அது வேல இல்ல. சும்மா உக்காந்திருக்கது” என்றார் சங்கரசுப்பு.

“சும்மா உக்காந்திருக்கதுக்கு ஞாயித்துக்கிழமை எதுக்குவே லீவு?”

“ஞாயித்துக்கிழமை எவன் சார் வேலைக்கு வருவான்?”

சொன்ன பிறகுதான் சங்கரசுப்பு நாக்கைக் கடித்துக்கொண்டார். சார் பக்கத்தைப் புரட்டினார். குண்டூசி குத்திய தாள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

“ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ரெண்டு நாள் லீவு வேணும்னு லெட்டர் வேற குடுத்திருக்கிய!”

“சொல்லாமக் கொள்ளாம நிக்கப்பிடாதுல்லா சார்?” என்றாள் இசக்கியம்மாள்.

“யாரு லீவு குடுத்தது?”

“நாந்தான் சார்” என்றார் சங்கரசுப்பு, நிலைமையைச் சீராக்குகிற நினைப்பில். “ரெண்டு நாள் கேட்டாவ. ஆளு கம்மியா இருந்துச்சு, ஒரு நாள்தான் குடுத்தேன்.”

சார் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து டீக்கார மைதீன் பாட்சா வந்து கிளாஸை வைத்துவிட்டு ஒரு நோட்டை நீட்டினான். சார் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“சார், ஒண்ணு செய்யுதேன்” என்று சங்கரசுப்பு பேனாவை எடுத்தார். “பொங்கல்லேருந்து இவியளுக்கு மொத்தமா ஆப்சென்ட் போட்டுருதேன்.”

இசக்கியம்மாள் நோட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“கைய ஒடிச்சிருவேன் அண்ணாச்சி! இருபத்தாறு வருஷத்துல எனக்கு ஒரு ஆப்சென்ட் கெடையாது.”

“அப்ப ஒரே வழிதான்” என்றார் சார். “இன்னையோட வேலையிலேருந்து நின்னுக்கிடுதேன், இனிமே அங்கன போக மாட்டேன்னு உங்க கைப்பட எழுதிக் குடுங்க.”

இல்லாத வேலையை ராஜினாமா செய்வதில் என்ன கஷ்டம்? ஆனால் இசக்கியம்மாளுக்குப் பேனா ஓடவில்லை. ‘இனிமேல்’ என்று எழுதியதும் மெழுகும் மருந்தும் கலந்த அந்த வாடை எங்கிருந்தோ மூக்கில் ஏறியது. அடைத்த பெட்டிகள் மேசையில் விழும் சத்தம் கேட்டது. அந்த இடம் அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒருவழியாக எழுதி முடித்து நீட்டினாள்.

சார் இரண்டு தரம் வாசித்தார்.

“மூடின எடத்துக்குத் தெனமும் எதுக்கும்மா போறிய?”

“காலைல எட்டு மணி ஆச்சுன்னா வீட்டுல இருப்புக் கொள்ளல சார். இன்னும் யாரும் வரலியான்னு அங்கன ஒருத்தராவது என்னத் தேடுவாவல்லா?”

சார் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். பிறகு தாளை மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“மணி ஒண்ணாச்சு, சாப்பிட்டுட்டு வந்துருதேன். அதுக்குள்ள நல்லா யோசிச்சிக்கிடுங்க. இதக் குடுத்துட்டா நாளைக்குக் காலைல எங்க போவிய?”

துணிப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். கடைசி நாள், பாதி நாளும் போய்விட்டது. கையில் ராஜினாமாவும் மடியில் நோட்டுமாக இசக்கியம்மாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். திருப்பூர் பஸ் அவளுக்காகவே புறப்படத் தயாராக நிற்பது போலிருந்தது.

காலி கிளாஸை எடுக்க வந்த மைதீன் பாட்சா, சார் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, மனு வாங்குத மேடம் அடுத்த ரூம்ல இருக்காவ, வெரசாப் போங்க, ஞானஒளிவு சார் ரிட்டயராயி எட்டு மாசம் ஆச்சு, தெனமும் என் நோட்டுலதான் அட்டண்டன்ஸ் போடுதாரு.”