ஹீட்டர் ஓரத்து மாணவன்

"என்னையே பாரேன்" என்றான் லைல், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "நீ சேரணும்ங்கிற அதே காலேஜ், அதே புரோகிராமிங் பட்டம். முழுசா முடிச்சேன். என்ன கிடைச்சுது? ஊர்ல வீட்டைச் சூடாக்குற பாய்லரையெல்லாம் கழட்டி மாட்டிக்கிட்டிருக்கேன்."

அவன் மனைவி டோரீன் காப்பியை ஊற்றினாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை போனதிலிருந்து, முதல் பிரசவத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பைத் தொடர வேண்டும் என்ற ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது. இந்த வயதில் வேலை கிடைக்குமா, கிடைத்தாலும் போட்ட பணம் திரும்புமா என்று அவளே ஆயிரம் தடவை யோசித்துவிட்டாள். எப்படியோ தைரியம் வந்து சேரும்போதெல்லாம் லைல் "என்னையே பாரேன்" என்பான். தைரியம் வந்த வழியே போய்விடும்.

அன்றைக்கு மட்டும் அவளிடம் புது விஷயம் ஒன்று இருந்தது.

"அங்க பட்டம் வாங்கினவங்க குடும்பத்துக்குப் பாதி ஃபீஸாம். நீ அங்க படிச்சவன்தானே? உன் பட்டம் முதல் தடவையா ஒரு வேலைக்கு ஆகப்போகுது."

லைலின் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. "சலுகையெல்லாம் எதுக்கு? முழு ஃபீஸே கட்டிடலாம்."

பகலில் ஒரு விளக்கு எரிந்தாலே பின்னால் வந்து அணைக்கிற மனுஷன் இவன். டோரீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்து, தேவைப்பட்டால் படகைக்கூட விற்றுவிடலாம் என்றான். அந்தப் படகுக்கு அவன் கல்யாண நாளைவிட ஒழுங்காகப் பிறந்தநாள் கொண்டாடுகிறவன். டோரீனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

"லைல், டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா?"

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை என்று புரியவைப்பதற்குள் காப்பி ஆறிப்போனது. அப்படியானால் கிளம்பு என்று கோட்டை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

காலேஜ் தாழ்வாரத்தில் நடந்தபோது அவளுக்கு எல்லாம் திரும்பி வந்தது. வெளியே மிச்சிகன் பனி கொட்டும். உள்ளே கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் கண் சிமிட்டும். இயந்திரத்தில் காசு போட்டால் வருகிற காப்பியில் சூப் வாசனை அடிக்கும். கடைசி வரிசையில், ஹீட்டரை ஒட்டி, லைல். வகுப்புக்கு முன்பே வந்து அவள் நாற்காலியை ஹீட்டர் பக்கத்தில் போட்டுச் சூடாக வைத்திருப்பான். பரீட்சையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து போவான். எவ்வளவு மூளை இவனுக்கு என்று அவள் மலைத்துப்போனதும், அந்த மலைப்பிலேயே அவனைக் கட்டிக்கொண்டதும் நேற்று நடந்ததுபோல இருந்தது. அந்த நாற்காலியின் கதகதப்புக்கு மனசு ஏங்கியது.

அலுவலகம் ஐஸ் பெட்டியாக இருந்தது. ஹீட்டர் கெட்டுவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்ட பிரியானா என்ற பெண், கையுறையோடு கம்ப்யூட்டரைத் தட்டினாள். பட்டம் வாங்கியவர்கள் பட்டியலில் லைல் பெயர் இல்லை. எழுத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

"வெள்ளத்துல போயிருக்கும்" என்றான் லைல்.

"நாம மேட்டுல இருக்கோம் சார்."

"அப்ப தீ விபத்து."

"அப்படி எதுவும் நடக்கலையே. பரவால்ல, ஓடெல் தாத்தாவைக் கேப்போம். அந்தக் காலத்துலேர்ந்து கட்டடத்தைப் பாத்துக்கிறவர், எல்லா முகமும் ஞாபகம் இருக்கும். ஹீட்டரைப் பாக்கக் கூப்பிட்டிருக்கேன், வந்துடுவார்."

லைலுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. ஹீட்டர் சரியாகிவிட்டால் ஓடெல் வரவேண்டிய அவசியமில்லை அல்லவா? கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஹீட்டர் முன்னால் மண்டியிட்டு, மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டான்.

அப்போதுதான் கதவு திறந்தது.

"அட, லைல்" என்றார் வாசலில் நின்ற ஓடெல். "முகத்தைக் காட்டவே வேணாம்டா. ரெண்டு குளிர்காலம் இந்த முதுகைத்தானே பாத்தேன்."

டோரீனுக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா? இவரு இங்க படிச்சவர்தான்னு சொல்லுங்க."

"படிச்சானா? பாய்லர் ரிப்பேருக்குக் கம்பெனி அனுப்பின பையன்மா இவன்."

 லைலின் தலை ஹீட்டருக்குள்ளேயே இருந்தது.

"பரீட்சை எழுதினியே?" என்றாள் டோரீன்.

"பேரை எழுதிட்டு வெளிய வந்துடுவேன்" என்றது ஹீட்டர்.

டோரீன் கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்தாள். இத்தனை நாளாக அவளைப் பயமுறுத்திக்கொண்டிருந்த பட்டத்தை யாருமே வாங்கியிருக்கவில்லை.  பிரியானாவிடம் பேனாவை வாங்கினாள்.

"முழு ஃபீஸே போட்டுக்கோம்மா. இவர் படகை விக்கிறார்."

கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடெல் பக்கம் திரும்பினாள். "அது சரி, ஒரு பாய்லரைச் சரிபண்ண ரெண்டு குளிர்காலமா? அப்படி என்ன கோளாறு அதுல?"

"பாய்லர்ல ஒரு கோளாறும் இல்லம்மா, அரை மணி நேர வேலை" என்றார் ஓடெல். "கோளாறெல்லாம் நீ உக்காந்திருந்த வரிசையிலதான்."