வெயிலை மிஞ்சிய மின்சாரம்

தான் போட்ட கணக்கின் மேல் காதல் கொண்ட இன்ஜினியரைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் வேறெதுவும் கிடையாது. ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் அப்படியொரு பிராணியாகத்தான் திரிந்தேன். (இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம் என்பாள் என் மனைவி. அவளிடம் பிறகு வருகிறேன்.)

எங்கள் கம்பெனி லாரிகளுக்கும் கார்களுக்கும் உதிரிபாகம் செய்கிறது. ஃபேக்டரிக்குப் பின்னால் முள்ளு மண்டிக் கிடந்த பெரிய இடத்தைச் சுத்தம் செய்து சோலார் பேனல்களை நிறுத்தினார்கள். அதில் வரும் கரண்ட் எங்கள் மிஷின்களுக்குப் போக, மிச்சத்தை வெளியே பொது லைனில் விடுவதாகத் திட்டம். அந்த சோலார் பிளான்டுக்கென்று எடுத்த ட்ரெயினிதான் நான். கோவில்பட்டியிலிருந்து ஒரு பையோடு வந்திறங்கி, இருங்காட்டுக்கோட்டையில் ஒரே ஃபேனுக்குக் கீழே இன்னும் மூன்று பேரோடு படுத்துக்கொண்டு, தினமும் கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் போய்வந்தேன்.

பொது லைனில் கரண்ட் விடுவதென்றால் குழாயைத் திறந்துவிட்டுப் போவதில்லை. அந்த லைனை நிர்வகிக்கும் கிரிட்காரர்கள் ஏகப்பட்ட விதிகள் வைத்திருக்கிறார்கள். லைனில் வோல்டேஜ் ஒரு கணம் தொபுக்கென்று விழுந்தால் நம் பிளான்ட் பயந்து கழன்று ஓடக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு கூட நிற்க வேண்டும். இவ்வளவு வெயிலடித்தால் இவ்வளவு தருவேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொன்னபடி தரவும் வேண்டும். அதுவும் வாய்வார்த்தை செல்லாது. பிளான்டை அப்படியே கம்ப்யூட்டருக்குள் ஒரு மாடலாகச் செய்து கொடுக்க வேண்டும். நிஜ பிளான்ட் எப்படி நடக்குமோ, மாடலும் அப்படியே நடந்து காட்ட வேண்டும். கூட்டுக் குடும்பத்துக்குள் மருமகளாக வரப்போகிறவளை விசாரிக்கிற மாதிரி துருவித் துருவி விசாரிப்பார்கள்.

அந்த மாடலைச் செய்யும் வேலை எனக்கு வந்தது. செய்தேன். அளந்த வெயிலை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் எவ்வளவு கரண்ட் வரும் என்று மாடல் சொல்லும். மீட்டரும் அதையேதான் காட்டும். முதன்முதலில் மாடலின் கோடும் மீட்டரின் கோடும் ஸ்கிரீனில் ஒன்றின் மேல் ஒன்று படுத்ததும், அதைப் படம் பிடித்துக்கொண்டேன். ரூமில் இருந்த மூன்று பேருக்கும் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். மூவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தார்கள்.

இந்த இடத்தில் புவனாவைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கன்ட்ரோல் ரூமில் ஸ்கிரீன் பார்க்கும் வேலையில் இருந்தாள். ஒரகடத்தை ஒட்டின கிராமம். எப்படி ஆரம்பித்தது, யார் முதலில் சொன்னது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் இன்னும் வழக்கில் இருப்பதால் இங்கே எழுத முடியாது. பிரச்சினை அவளுடைய அப்பா ஏழுமலை. பிரச்சினைக்குள் பிரச்சினை, நான் தினமும் போகும் கம்பெனி பஸ்ஸை ஓட்டுவதும் அவர்தான்.

பஸ்ஸில் எல்லாரும் அவரை அண்ணே என்பார்கள். நான் அண்ணே என்றால் புவனா எனக்கு மகள் முறையாகிவிடுவாள். மாமா என்றால் வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டுவிடுவார். அதனால் தினமும் லேசாக இருமிவிட்டு ஏறுவேன். (எனக்குக் காசநோய் என்று பஸ்ஸில் ஒரு பேச்சு உலவியதற்கு இதுதான் காரணம்.) விஷயம் அவர் காதுக்குப் போனபோது கத்தவில்லை, குதிக்கவில்லை. வண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“தெக்கத்திப் பசங்க எத்தினியோ பேர பாத்துக்கீறேன் நானு. கான்ட்ராக்ட் முடிஞ்சா பைய தூக்கிகினு பூடுவானுங்க. நீ மொதல்ல பர்மனென்ட் ஆவு. அப்பால வூட்டாண்ட வந்து பேசு.”

எங்கள் மேனேஜர் சேகர் சாரிடம் பர்மனென்ட் பற்றி இழுத்தேன். கிரிட் டெஸ்ட் பாஸ் ஆனால் ஆர்டர் கையில், ஆகாவிட்டால் தன் நிலைமையே தனக்குத் தெரியாது என்றார். ஆக, என் மாடல் பாஸானால் வேலை, வேலை நிலைத்தால் புவனா. மூன்றும் ஒரே கம்பியில் தொங்கின.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்து ஃபேக்டரிகளில் தீபாவளியைவிட அதுதான் பெரிய விசேஷம். லைனை நிறுத்தி, மிஷின்களைக் கழுவித் துடைத்து, தோரணம் கட்டி, பொரி, சுண்டல், பூசணிக்காய் என்று அமர்க்களப்படும். சோலார் பக்கத்துப் பூஜையை என்னிடம் விட்டார்கள். வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் சாமி காரியத்தில் கஞ்சத்தனம் செய்ய முடியுமா? ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துக்கொண்டு கிளம்பினேன். இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர், பேனல் வரிசைகளின் இரும்புக் கால்கள், கம்ப்யூட்டர், ஏசி ரிமோட், எதையும் விடவில்லை. கடைசியில் நட்டநடுவே நிற்கும் கம்பத்திலும் ஏறி, உச்சியில் இருந்த கருவியைத் துடைத்து, கட்டைவிரலால் அழுத்தமாக ஒரு சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமமும் வைத்துவிட்டு இறங்கினேன். கீழே நின்ற புவனா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், என் இரண்டு கோடுகளும் பிரிந்து கிடந்தன. வெயிலுக்கு இவ்வளவுதான் வரும் என்று மாடல் சொன்னது. மீட்டரோ அதைவிட நிறையக் காட்டியது. போன வாரம் வரை ஒழுங்காக இருந்தது இப்போது ஏன் கெட்டது என்று கேட்பான் மூளையுள்ளவன். எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. டெஸ்டுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள், கோடுகள் சேர வேண்டும், அவ்வளவுதான். மாடலுக்குள் ஒவ்வொரு நஷ்டமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். கம்பியில் போகிற நஷ்டம், சூட்டில் போகிற நஷ்டம். கடைசியாகப் பேனல் மேல் தூசி படிவதால் வரும் நஷ்டத்தைப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்கியதும் இரண்டு கோடும் அழகாக ஒட்டிக்கொண்டன. சாமி கண்ணைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

டெஸ்டுக்கு வந்த குழுவுக்கு ஒரு மேடம் தலைமை. காட்டன் புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ, அதிர்ந்து பேசாத குரல். காலையில் வோல்டேஜை வேண்டுமென்றே விழவைத்துப் பார்த்தார்கள். எங்கள் பிளான்ட் அசையாமல் நின்றது. சேகர் சார் எனக்கு முந்திரி பிஸ்கட் தட்டை நகர்த்தினார். (அதுவரை அந்தத் தட்டு அதிகாரிகளுக்கு மட்டும்தான்.) பிறகு மாடலைப் போட்டுக் காட்டினேன். இரண்டு கோடும் ஒரே கோடாக ஓடின. மேடம் தலையசைத்துக்கொண்டே செட்டிங்கைத் திறந்து ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

“தூசி நஷ்டம் மைனஸ்ல இருக்கே தம்பி? தூசி படிஞ்சா உங்க பிளான்ட்ல கரண்ட் கூடுமா?”

தெரியாது மேடம், பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் எழுந்து நின்றேன். ஒரகடத்துத் தூசி சாதாரணத் தூசி கிடையாது என்று ஆரம்பித்தேன். இங்கே லாரிப் போக்குவரத்து அதிகம், ஃபேக்டரிகளில் இரும்பு அறுக்கிறார்கள், அந்தப் பொடியெல்லாம் காற்றில் கலந்து பேனல் மேல் மினுமினுவென்று படிகிறது, அது வெயிலைச் சிதறடித்து உள்ளே அனுப்புகிறது என்று, அந்த நிமிடத்தில் பிறந்த ஒரு விஞ்ஞானத்தைப் போர்டில் படம் வரைந்து விளக்கினேன். சேகர் சார் பிஸ்கட் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மேடம் முழுவதும் கேட்டார். நாடு பூராவும் ஒரகடத்து மண்ணை அள்ளிப் போடச் சொல்லிவிடலாமா என்று நிதானமாகக் கேட்டார். பிறகு, வெயிலை அளக்கிற கருவியில் ஏதாவது கோளாறு இருக்கலாமே என்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ரோஷம் வந்தால் எனக்குக் கோவில்பட்டியும் சேர்ந்து வரும். “அத நான் எங் கையால தொடச்சு வச்சிருக்கேன் மேடம். நானே ஏறிப் பாத்துட்டு வந்துடுதேன்” என்று வாக்கி-டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன். ஸ்கிரீனில் வெயில் அளவைப் பார்த்து வாக்கி-டாக்கியில் சொல்லிக்கொண்டே இரு என்று மேடம் புவனாவை உட்காரவைத்தார்.

கம்பத்தின் உச்சிக்குப் போய் முகத்தை நீட்டினேன். வெயிலை அளக்கும் கருவி என்பது பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ். அதன் உச்சந்தலையில், என் கட்டைவிரல் ரேகையோடு, காய்ந்து இறுகிய சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். புரட்டாசி மழை அந்த வாரம் எட்டிக்கூடப் பார்க்காததால் வைத்தது வைத்தபடி மங்களகரமாக இருந்தது. கருவியின் கண்ணை மறைத்துவிட்டு, வெயில் குறைந்துபோச்சு என்று அது சொன்னதை நம்பி, அதற்கேற்றபடி தூசியின் குணத்தையே மாற்றியிருக்கிறேன்.

யாருக்கும் தெரியாமல் துடைத்துவிடலாம் என்று தோன்றியது. கைக்குட்டையால் தேய்த்தேன், வரவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். அப்போதுதான் இடுப்பிலிருந்து புவனாவின் குரல் வந்தது. எனக்கும் கேட்டது, கன்ட்ரோல் ரூமில் எல்லாருக்கும் கேட்டது.

“மேடம், வெயிலு கொறையுது. சுத்தமா பூடுச்சு மேடம்.”

என் உள்ளங்கை குமிழை மூடியிருந்தது. அவசரமாகக் கையை எடுத்தேன்.

“வந்துடுச்சு மேடம். முன்ன இருந்ததவிட ஜாஸ்தியா வந்துக்கீது. இன்னும் ஏறிகினே போவுது மேடம்.”

வானத்தில் ஒரு மேகம் கிடையாது. அந்த நிலைமையில் சூரியன் அணைந்து, பிறகு முன்னைவிடப் பிரகாசமாக எரிந்ததை அதிகாரிகள் ஸ்கிரீனில் பார்த்தார்கள். அதோடு, நான் திருத்தி வைத்திருந்த மாடல் புது வெயிலை வாங்கிக்கொண்டு, இந்த பிளான்டால் ஜென்மத்துக்கும் தர முடியாத கரண்டை வரும் வரும் என்று காட்டியிருக்கிறது.

இறங்கி வந்து, கருவி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். மேடம் என் கையைக் காட்டச் சொன்னார். கட்டைவிரல் மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. திரும்பியபோது முகம் சரியாகியிருந்தது.

“பொட்டு வெச்சது தப்பில்ல தம்பி. யாருக்கும் நடக்கும். மாடல் ஒத்து வரலன்னதும், என்னாச்சுன்னு பாக்காம நம்பர திருத்துனீங்க பாருங்க, அதான் தப்பு. நாளைக்கு லைன்ல ஒரு கோளாறுன்னா இந்த மாடல நம்பித்தான் நாங்க முடிவெடுப்போம். ஆஸ்பத்திரியும் அதே லைன்லதான் இருக்கு.”

போர்டில் வரைந்திருந்த என் விஞ்ஞானத்தை நானே அழித்தேன். டெஸ்ட் ஃபெயில், எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு மறுபடி கூப்பிடுங்கள் என்று எழுதிவிட்டுப் போனார்கள். சேகர் சார் திட்டவில்லை. ஆர்டர் இப்போதைக்கு இல்லை கார்த்தி என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. பேனல் வரிசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். ஆர்டர் போனதைக்கூடத் தாங்கியிருப்பேன். புவனாவின் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் அழுகை அழுகையாக வந்தது.

விழித்துத்தான் ஆக வேண்டும், சாயங்காலம் வேறு பஸ் இல்லை. இருமாமல் ஏறி, கடைசி சீட்டில் குனிந்து உட்கார்ந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் எல்லாரும் இறங்கிய பிறகு, என்னை மட்டும் நிற்கச் சொன்னார் ஏழுமலை. இன்ஜினை அணைத்தார்.

“கம்பத்து மேல ஏறி பொட்டு வெச்சியாமே? புவனா போன் பண்ணி சொல்லிச்சு.”

“ஆமா.”

“ஃபெயிலாமே?”

“ஆமா. பர்மனென்டும் இப்ப கெடையாதுன்னுட்டாங்க.” குரல் உடைந்துவிட்டது. “மன்னிச்சிருங்க மாமா.” எப்படி வந்ததோ, அந்த வார்த்தை வந்துவிட்டது. இறக்கிவிடப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் என் ஸ்டாப்பிலேதான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தோம்.

அவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். தானும் பூஜையன்று பஸ்ஸின் முன் கண்ணாடியில் பட்டையாகச் சந்தனம் பூசிவிட்டு, ரோடு தெரியாமல் வண்டலூர் ரோட்டில் ஓரங்கட்டித் துடைத்த கதையைச் சொன்னார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது இது:

“ஞாயித்துக்கெயம வூட்டுக்கு வா. உங்க அம்மா அப்பாவயும் வரச் சொல்லு.”

“பர்மனென்ட் ஆகலயே மாமா.”

“பைய தூக்கிகினு போறவன் கம்பத்து மேலல்லாம் ஏறி பொட்டு வெக்க மாட்டான்பா. நீ எங்கியும் போறவன் இல்ல, இங்கியே கெடக்கப் போறவன்.”

நான் பஸ்ஸிலிருந்து எப்படி இறங்கினேன் என்று ஞாபகமில்லை. பழைய மாடலை, ஒரு நம்பரையும் தொடாமல், அப்படியே போட்டுக் காட்டி மறு டெஸ்டில் பாஸானோம். ஆர்டரும் வந்தது. ஆனால் அதற்கு முன்பே வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது.

இன்றைக்கும் ஒரு காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ என்று போனால், என் மாமனார் என் தோளில் கை போட்டுத் தன் சொந்தக்காரர்களிடம் இழுத்துக்கொண்டு போவார். “இவுருதான் நம்ம மாப்ள. சூரியனுக்கே பொட்டு வெச்சவரு” என்பார். அவர்கள் என்னை ஏதோ விண்வெளி ஆராய்ச்சிக்காரன் மாதிரி ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஒருமுறை பொறுக்க முடியாமல் தனியே கூப்பிட்டுச் சொன்னேன், மாமா, அது சூரியன் இல்லை, வெறும் சென்சார், ஒரு எலுமிச்சம்பழம் சைஸ்கூட இல்லை, மானம் போகிறது என்று.

“சென்சாருன்னு சொன்னா யாருக்குப் புரியும்?” என்றார் அவர். “பொண்ணு குடுத்துக்கீறேன். கொஞ்சம் பெருசாத்தான் சொல்லுவேன்.”