மாமனாரை ஐ.சி.யூ.வில் படுக்கவைத்துவிட்டுச் சைக்கிளில் போன கதை

நான் வாழ்க்கையில் சொன்ன பொய்கள் மொத்தம் இரண்டு என்று சொன்னால் அதுவே மூன்றாவது பொய்யாகிவிடும். ஆனால் ஒரே நாளில், ஒரே போன் பேச்சில், கையும் களவுமாகச் சேர்ந்து பிடிபட்டவை இரண்டுதான்.

முதல் பொய் பெண் பார்க்கப் போன அன்று சொன்னது. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அப்போது நான் தரப் பரிசோதகன். பெண்ணின் அப்பா காவேரிப்பட்டினத்துக்காரர், மாந்தோப்பு வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “பெர்மனென்ட்டுங்களா?” எங்கள் பக்கம் ஜாதகம் பொருந்தாவிட்டால் ஏதாவது பரிகாரம் செய்து கல்யாணத்தை நடத்திவிடுவார்கள். வேலை நிரந்தரம் இல்லை என்றால் எந்தக் கோயிலிலும் பரிகாரம் கிடையாது. நான் அப்போது ஒரு வருடப் புரொபேஷனில் இருந்தேன். “ஆமாங்க” என்றேன். (கன்ஃபர்மேஷன் கடிதம் எப்படியும் வரத்தான் போகிறது, கொஞ்சம் முன்கூட்டியே சொல்கிறேன், அவ்வளவுதான் என்று மனசாட்சியிடம் சொன்னேன்.)

இரண்டாவது பொய் கல்யாணமான முதல் ஆடியில் சொன்னது. வழக்கப்படி என் மனைவி மஞ்சுளாவை ஆடி மாதம் அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார்கள். ஆடிப் பதினெட்டுக்கு மாப்பிள்ளை வர வேண்டும், விருந்து, புதுத்துணி. தொழிற்சாலையிலோ அந்த வாரம் சரக்கு அனுப்பும் நெருக்கடி. புரொபேஷனில் இருப்பவன் விருந்து சாப்பிட லீவு கேட்டால் நிரந்தரமாகவே சாப்பிட அனுப்பிவிடுவார்கள். எனவே எங்கள் மேனேஜரின் முன்னால் போய் நின்று, மாமனாருக்கு நெஞ்சுவலி என்றேன். திருநெல்வேலிக்காரரான அவர் நிமிர்ந்து பார்த்து, “எங்க சேத்திருக்கு?” என்றார். அந்தக் கேள்விக்கு நான் தயாராகி வரவில்லை. “ஐ.சி.யூ.” என்றேன். உடனே இரண்டு நாள் லீவு கொடுத்தார். “தைரியமா போயிட்டு வாடே” என்று தோளைத் தட்டியும் கொடுத்தார்.

இத்தோடு பஸ் ஏறிப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது.

மஞ்சுளா ஊருக்குப் போன பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் துணையாக நான் வெளிநாட்டு சைக்கிள் பயண வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். பிரான்ஸில் ஒரு கணவனும் மனைவியும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டுவார்கள். ஆற்றோரமாகப் போவார்கள். மாலையானால் கோட்டை இருக்கும் ஏதோ பழைய ஊரில் இறங்கி வைன் குடிப்பார்கள். ஐந்தாவது வீடியோவில் எனக்கு ஒன்று புலப்பட்டது. திராட்சை பாகலூர்ப் பக்கம் இருக்கிறது. ஆறு, தென்பெண்ணை. கோட்டை கிருஷ்ணகிரியில் மலைமேலேயே நிற்கிறது. கடைசி ஊரில் வரவேற்று உபசரிக்க மாமனார் வீடே இருக்கிறது. பிரான்ஸில் இருப்பதில் நம்மிடம் இல்லாதது சைக்கிள் ஒன்றுதான்.

அதை எங்கள் தொழிற்சாலை டூல் ரூமில் வேலை பார்த்த நண்பரிடம் வாங்கினேன். கியர் சைக்கிள். முதுகுவலியால் விற்கிறேன் என்றார். முதுகுவலி எதனால் வந்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆடிப் பதினேழு, விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். பின்னால் பஞ்சு வைத்துத் தைத்த, தொடையைக் கவ்விப் பிடிக்கும் கறுப்புக் கால்சட்டை. மேலே தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரத்துக்குக் கொடுத்த மஞ்சள் பனியன். தலையில் ஓட்டை ஓட்டையாக ஒரு ஹெல்மெட். கேரியரில் மாமியாருக்குப் புடவை, மாற்றுத்துணி, போர்வை, தண்ணீர் கேன், டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தேன். சைக்கிளில் வருகிறேன் என்று மஞ்சுளாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பது திட்டம். அந்தத் திட்டம் மட்டும் முழுமையாக நிறைவேறியது.

வழியில் தென்பெண்ணையைப் பார்த்தேன். ஆறு வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு போனது. வீடியோவில் ஆறு நுரைக்கவில்லை, வாசனையும் வரவில்லை. பாகலூர் தாண்டி ஒரு திராட்சைத் தோட்டத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, பிரான்ஸ்காரர்கள் செய்வதுபோலவே, வேலியோரம் நின்ற தோட்டக்காரரைப் பார்த்துக் கையசைத்துப் புன்னகைத்தேன். அவர் என் மூட்டையைப் பார்த்தார். கால்சட்டையைப் பார்த்தார்.

“கெலச இல்லப்பா” என்றார். “அறுப்பு போன வாரமே முடிஞ்சிபோச்சி.”

கெலச என்றால் வேலை. ஓசூரில் ஒரு மாதம் இருந்தாலே அவ்வளவு கன்னடம் வந்துவிடும். “வேலை கேக்கலீங்க, சும்மா தோட்டத்த பாக்க வந்தேன்” என்றேன். “எல்லாரும் அப்பிடித்தான் ஆரம்பிப்பாங்க” என்றவர், உள்ளே போய் இரண்டு குலை கறுப்புத் திராட்சையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். “சாப்பிட்டு மொதல்ல பசியாறு. பேரிகைல கோழிப்பண்ணைக்கு ஆள் எடுக்கறாங்க, போய்க் கேளு.” இந்த ஊர்க்காரர்களின் விருந்தோம்பலே தனி என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன். (உலகம் எனக்கு அனுப்பிய முதல் எச்சரிக்கை அது. நான் விதை துப்பிக்கொண்டே தாண்டிப் போய்விட்டேன்.)

சூளகிரியை அடைந்தபோது மணி பதினொன்றரை. என் இடுப்புக்குக் கீழே உள்ள பகுதி பேரிகையிலேயே நின்றுவிட்டது, மேல்பகுதி மட்டும் வந்து சேர்ந்திருந்தது. புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் எதிரே பைக்கை நிறுத்தினார் என் சின்ன மாமனார், அதாவது மாமனாரின் தம்பி. சூளகிரியில் உரக்கடை வைத்திருப்பவர்.

“மாப்ள... நீங்களா?” என்றார். என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். பிறகு சைக்கிளை. பிறகு மூட்டையை.

“வணக்கம் மாமா. ஊருக்குத்தான் போயிட்டிருக்கேன்.”

“இன்னிக்கி வேல நாளாச்சே.”

“போவல மாமா.”

“உங்க பைக்கு?”

“இனிமே சைக்கிள்தான்னு முடிவு பண்ணிட்டேன் மாமா.” (பெட்ரோல் புகை, உடல்நலம் எல்லாவற்றையும் மனதில் வைத்துச் சொன்னேன். மனதில் இருப்பது வெளியே தெரியாது என்பது அப்போது தோன்றவில்லை.)

அவர் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டி. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. வீடியோவில் பயணிகள் வழியில் சந்திப்பவர்களிடம் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவார்கள். நானும் பேசினேன்.

“இப்பதான் மாமா மனசு லேசா இருக்கு. கார்டு பன்ச் பண்ண வேணாம். ஷிப்ட்டு இல்ல. ஒருத்தனும் கேள்வி கேக்க முடியாது. சும்மா ரோடு போற பக்கம் போயிட்டே இருக்கலாம்னு தோணுது.”

அவர் கண் கலங்கிவிட்டது. “மனச வுட்றாதீங்க மாப்ள” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “எல்லா ஊட்லயும் நடக்கறதுதான். நாங்கல்லாம் இன்னாத்துக்கு இருக்கறோம்?” பைக்கிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சினார். முழு தூரத்தையும் நானே மிதித்தால்தான் எனக்குத் திருப்தி என்று மறுத்துவிட்டேன். பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பியதும் காவேரிப்பட்டினத்துக்குப் போன் செய்தார்.

அங்கிருந்து கிருஷ்ணகிரி வரை தேசிய நெடுஞ்சாலை. கன்டெய்னர் லாரிகள் என்னைக் கடக்கும்போதெல்லாம் சைக்கிளோடு சேர்த்து ஒருமுறை என்னை உறிஞ்சிவிட்டுத் துப்பின. வழி பார்த்துப் பார்த்தே போனில் சார்ஜ் போய் அணைந்துவிட்டது. தொல்லை விட்டது என்று மகிழ்ந்தேன். கிருஷ்ணகிரியில் கோட்டை ஏறுவது திட்டம். கீழே நின்று கோட்டையைப் பார்த்தேன். கோட்டையும் என்னைப் பார்த்தது. இருவரும் அத்தோடு விட்டுவிட்டோம்.

இந்த மூன்று மணி நேரத்தில் காவேரிப்பட்டினத்தில் நடந்ததைப் பிறகு பலர் சொல்லக் கேட்டு ஒட்டவைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், பைக்கை விற்றுவிட்டார், வீட்டைக் காலி செய்து மூட்டையோடு வருகிறார், புத்தி கொஞ்சம் தடுமாறியிருக்கிறது. செய்தி இப்படித்தான் போயிருக்கிறது. எனக்குப் போன் செய்தார்கள். சுவிட்ச் ஆஃப். இன்னொரு தடவை செய்தார்கள். மாமியார் அழத் தொடங்கினார். மஞ்சுளா இரண்டு நாள் முன்பு தொழிற்சாலைக் கேன்டீன் சாப்பாடு பற்றி நான் அலுத்துக்கொண்டதை எடுத்துச் சொல்லி, அப்போதே ஏதோ நடந்திருக்கிறது என்றாள்.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மேனேஜரின் எண்ணை அவளிடம் நான்தான் கொடுத்து வைத்திருந்தேன். அவசரம் வந்துவிட்டது. மாமனார் தோப்புக்குப் போய், தனியாக ஒரு மரத்தடியில் நின்று போன் செய்தார்.

“ஐயா, வணக்கமுங்க. உங்க கம்பெனில வேல பாக்கற பையனோட மாமனார் பேசறன்” என்று என் பெயரைச் சொன்னார்.

எதிர்முனையில் மேனேஜர் மெதுவாகக் கேட்டாராம்: “ஐ.சி.யூ.ல இருந்தா பேசுதீய?”

“இல்லீங்க, மாந்தோப்புல இருந்து பேசறன்.”

“உங்களுக்கு நெஞ்சுவலின்னு...”

“எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லீங்களே. புள்ளய ஏங்க வேலய வுட்டு எடுத்தீங்க? பெர்மனென்ட் வேலயாச்சே, அப்பிடி எடுக்கலாமுங்களா?”

“பெர்மனென்ட்டா? யாரு சொன்னா?” என்றார் மேனேஜர்.

அந்த இடத்தில் என் இரண்டு பொய்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நான் அப்போது மலையடிவாரத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

மாலை நான்கரைக்கு வீட்டு வாசலில் மணியடித்துக்கொண்டே வந்து இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, கால் மரத்துப்போயிருந்ததால் சைக்கிளும் நானும் சேர்ந்தே சாய்ந்தோம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு உறவுக்காரர்கள் பதினைந்து பேர் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கேதம் கேட்க வந்தவர்கள்போல இருந்தது. ஆடிக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. நான் எழுந்து நின்றதும் கால்சட்டையின் பின்பக்கப் பஞ்சைப் பார்த்து ஒரு அத்தை, “அடி பட்டு கட்டு போட்டிருக்காங்களாட்டம் கீது” என்று கிசுகிசுத்தார். மஞ்சுளா கதவருகே நின்று என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

மாமனார் எழுந்து வந்தார். சைக்கிளைத் தூக்கி ஸ்டாண்டு தேடினார். அதற்கு ஸ்டாண்டு இல்லை. சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சொம்பில் தண்ணீர் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“வாங்க மாப்ள. எனக்கு இப்ப நெஞ்சுவலி பரவால்லீங்க.”

நான் தண்ணீரைக் குடித்தேன்.

மறுநாள் விருந்து நடந்தது. வடை, பாயசம், காவேரிப்பட்டினம் நிப்பட் தட்டை, எல்லாம் இருந்தது. என்னால் உட்கார முடியாததால் நின்றுகொண்டே சாப்பிட்டேன். (உடம்பு சம்பந்தப்பட்ட காரணம்தான். குற்ற உணர்ச்சி என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை.) ‘பெர்மனென்ட்’ பற்றி மாமனார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்கு மறுநாள் காலை அவரும் என்னோடு ஓசூருக்கு பஸ் ஏறினார். சைக்கிள் மாங்காய் டெம்போவில் தனியாக வந்தது. ஒரு கூடை நீலம் மாம்பழத்தோடு அவர் மேனேஜர் அறைக்குள் நுழைந்தபோது, மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். உயிர் இருக்கிறதா என்று சோதிப்பதுபோல் எனக்குத் தோன்றியது. பிறகு அவரை வரவேற்பறையில் காபி குடிக்க அனுப்பிவிட்டு, என்னை மட்டும் நிற்கவைத்தார்.

“ஒன்னைய அன்னைக்கே அனுப்பிருப்பேன்” என்றார். “அந்த மனுசன் போன்ல என்ன சொன்னாரு தெரியுமால? நீ சொன்ன ரெண்டு பொய்யும் தெரிஞ்ச பொறவு சொன்னாரு. ‘பொய் சொன்னது தப்புதாங்க. அத நான் பாத்துக்கறன். ஆனா புள்ள இந்த வெயில்ல சைக்கிள் மிதிச்சிகினு வருது, அத நெனச்சா எனக்கு சோறு எறங்கலீங்க. வேலய மட்டும் எடுத்துடாதீங்க.’ அப்படின்னாரு.”

யாரிடமும் ஒன்றும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர் அவர். கல்யாணத்தில் பந்தலுக்கு ஒரு நாற்காலி குறைந்தபோதுகூடப் பக்கத்து வீட்டில் கேட்காமல் தான் நின்றுகொண்டே இருந்தவர். முன்பின் தெரியாத ஒருவரிடம், தன்னை ஐ.சி.யூ.வில் படுக்கவைத்த ஒருவனுக்காகக் கெஞ்சியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “புரொபேஷன் இன்னும் ஆறு மாசம். போ” என்றார்.

ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அதை மாமனாரிடம் நீட்டினேன். வாங்கி, நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்து, “கையெழுத்து உங்களுதுதானுங்களா?” என்று மேனேஜரிடம் போன் செய்து சரிபார்த்த பிறகுதான் மடித்து வைத்தார்.

அந்தப் போன் பேச்சு இன்றுவரை நிற்கவில்லை. இருவரும் சேக்காளிகளாகிவிட்டார்கள். மாம்பழக் காலத்தில் மேனேஜர் குடும்பத்தோடு தோப்புக்கு வந்துவிடுகிறார். எனக்கு லீவு வேண்டுமானால் நான் விண்ணப்பம் எழுதுவதில்லை, அவர்கள் இருவரும் பேசி முடிவு செய்து எனக்குத் தெரிவிக்கிறார்கள். ஒவ்வொரு ஆடிப் பதினெட்டிலும் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகு, மாமனார் மேனேஜரைக் கூப்பிட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைப்பார். என் மகன் உட்பட அத்தனை பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். நான் மட்டும் பொரியலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

“ஐயா, மாப்ள வந்து சேந்துட்டாருங்க.”

“எதுல வந்தான்?”

“பஸ்லதாங்க. நானே ஸ்டாண்டுல நின்னு பாத்தன்.”

“நீங்க எப்படி இருக்கீய?”

“உசுரோட கீறனுங்க” என்பார் மாமனார், என் இலையில் இன்னொரு வடையை வைத்தபடி.